தாய்மாமன் கொண்டுவந்த கம்ப்யூட்டர்

மணமேல்குடியில் அதுவரைக்கும் யாரும் கம்ப்யூட்டரைச் சீராகக் கொண்டுவந்ததில்லை. யாழினிக்குக் காதுகுத்து வைத்தபோது அவள் தாய்மாமன் வெற்றிசெல்வன் கொண்டுவந்தான். முன்னால் மேளம். பின்னால் வல்லத்திராக்கோட்டைச் சொந்தங்கள் பழத்தட்டும் பட்டுப்பாவாடையும் கொலுசும் ஏந்தி வரிசையாக வந்தார்கள். நடுவில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அதன்மேல் ஒருபக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று ஆளுயர மாலையோடு நின்றது. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. ஊர்வலத்திலும் அந்த விளக்கு எரியவேண்டும் என்று வண்டியிலேயே பேட்டரியும் இன்வெர்ட்டரும் கட்டியிருந்தான், அந்த அளவுக்கு ஆசை. கிடாயும் பீரோவும் பார்த்துப் பழகிய தெரு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

யாழினியின் அம்மா பிரகதீஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் வீட்டிலிருந்தபடியே கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். எடுத்துக்கொடுக்கிறவர் ஸ்டுடியோ வைத்திருக்கும் சூசைராஜ், எடிட்டிங் இவள். அதுவரை ஒரு பழைய லேப்டாப்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்குனா இது கெடைக்காதுக்கா. ஒவ்வொரு பார்ட்டா வாங்கி நானே பூட்டுனது" என்றான் வெற்றி, சபையில் எல்லார் காதிலும் விழும்படி. "மெமரி மட்டும் நாலு ஸ்டிக்கு போட்டிருக்கேன். இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ஸ்டுடியோவுலயும் இம்புட்டு மெமரி கெடையாது."

வேலை நடக்கும்போது படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துக்கொள்ள கம்ப்யூட்டருக்கு இருக்கும் இடம்தான் மெமரி. இடம் பெரிதாக இருந்தால் கை வேகமாக ஓடும். அது பிரகதிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கண் கலங்கியது. புருஷன் வீட்டில் எல்லாரும் 'பொழுதுபோக்கு' என்று சொல்லும் தன் வேலையை ஒருத்தன் இவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறான் பார் என்று தோன்றியது. அவள் மாமியார் முத்துமாரியம்மாள் மட்டும், "பீரோவா இருந்தா நாலு துணியாச்சும் வைக்கலாம்" என்று அன்றைக்கே ஆரம்பித்துவைத்தார்.

போகும்போது வெற்றி ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போனான்.

"மெஷினை ஆஃப் பண்ணவே பண்ணாதக்கா. ஒங்கூரு கடக்கரைக் காத்து. ஆறிக் குளுந்து கெடந்துச்சுன்னா உப்பு ஈரம் உள்ள ஏறி மெமரிக் கம்பியெல்லாம் அரிச்சுப்புடும். ஓடிக்கிட்டே இருந்தா வெதுவெதுன்னு இருக்கும். நெட்டு வழியா சென்னையிலேருந்தே நானும் ஒரு கண்ணு வச்சுக்கிறேன்."

இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? டிவிக்குள் உப்பு ஏறிச் செத்துப்போன கதை அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. பிரகதி அன்றிலிருந்து பெட்டியை அணைக்கவில்லை.

இரண்டு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை. வெட்டி ஒட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாகச் சேர்த்து எடுக்கிற கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். மணிக்கணக்கில் அது பாட்டுக்கு ஓடும், ஆள் தேவையில்லை. அதை ஓட விட்டுவிட்டுப் பிரகதி அடுப்படிக்குப் போவாள். குழம்பு கொதிக்கும்போது உள்ளே பெட்டியின் காற்றாடிகள் பேயாய் அலறும். அப்புறம் ஒரேயடியாக அமைதி. ஓடிப்போய்ப் பார்த்தால் திரை கறுத்து, மெஷின் முதலிலிருந்து தானாக உயிர்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரம் ஓடியது பாழ்.

"மெமரி சூடாகுதுக்கா" என்றான் வெற்றி போனில். "நாலு ஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி நிக்கிதுல்ல, ஒண்ணோட சூடு ஒண்ணுக்கு ஏறும். அறுபது டிகிரியைத் தாண்டுனா தடுமாறிரும். காத்து போகணும். பக்கக் கண்ணாடியைக் கழட்டி வை."

கழற்றி வைத்தாள். பிறகு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராகத் திருப்பிவைத்தாள். பங்குனி வெயிலில் பிள்ளைக்கு இல்லாத ஃபேன். ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டினாள். மெமரியின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன செயலியை வெற்றி சென்னையிலிருந்தே நெட் வழியாக ஏற்றிக்கொடுத்தான். திரை ஓரத்தில் எந்நேரமும் அந்த எண் தெரியும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதைப் போய்ப் பார்ப்பாள்.

அவள் புருஷன் பெரியண்ணன் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறவன். ஒருநாள் மீனுக்குப் போடும் ஐஸில் பாதியைத் தெர்மகோல் பெட்டியோடு கொண்டுவந்து ஃபேனுக்கு முன்னால் வைத்துவிட்டான். அறை குளிர்ந்ததோ இல்லையோ, கவிச்சி தூக்கியது. "உள்ள என்ன மீனு கெடக்கு, வஞ்சிரமா?" என்று முத்துமாரியம்மாள் வாசலிலிருந்தே கேட்டார். ஈரம் மெமரியில் இறங்கிவிடுமோ என்று பயந்து பிரகதி அதை எடுத்துவிட்டாள்.

"ஒந்தம்பி ஒரு பக்கம் ஆறக்கூடாதுங்குறான், ஒரு பக்கம் சூடாகக்கூடாதுங்குறான்" என்று சிரித்தான் பெரியண்ணன். "இது என்ன பச்சப்புள்ளைக்கு ஊத்துற தண்ணியா? அறந்தாங்கியில கடை இருக்கு, ஒருதடவை காட்டிருவோம்."

இங்கேதான் பிரகதி தப்புப் பண்ணினாள். ஆனால் அந்தப் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தத் தப்பைத்தான் பண்ணியிருப்பாள். சீராக வந்த பொருளைப் பழுது என்று சொல்லி ஊரான் கையில் பிரித்துக் காட்டுவது, பிறந்த வீட்டு மானத்தைக் கடைத்தெருவில் விரித்துப் போடுகிற காரியம். சீர்ப்பாத்திரம் ஒழுகினால் பரணில் ஏற்றிவிட்டு 'எங்க வீட்டுச் சீரு' என்பார்களே தவிர, அடைக்கக் கொடுக்கமாட்டார்கள்.

"எந்தம்பி பூட்டுனது. அவன் கைதான் படணும்" என்று முடித்துவிட்டாள்.

அந்தத் தம்பியும் சும்மா இல்லை. "ரெண்டரை ஓட விட்டுட்டு நீ எந்திரிச்சுப் போறப்ப எனக்கு ஒரு மெசேஜ் போட்டுருக்கா. நான் இங்கேருந்து டெம்பரேச்சரைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். அவளும் விடாமல் போட்டாள். 'ஓட விட்டுட்டேன்டா, சமைக்கப் போறேன்.' 'ஓட விட்டுட்டேன், பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டியாரப் போறேன்.' அவனிடமிருந்து உடனே கட்டைவிரல் வரும். அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சில் பாரம் இறங்கும். அவ்வளவு தூரத்திலிருந்து தம்பி காவல் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படியும் நின்றது. வாரத்தில் இரண்டு தடவையாவது நின்றது. அதிசயம் என்னவென்றால், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நிற்காது. எழுந்து போனால்தான் நிற்கும். இதைக் கண்டுபிடித்தது முத்துமாரியம்மாள்தான். "ஒந்தம்பி குடுத்த பொட்டிக்கு ஆளு பக்கத்துல உக்காந்து விசிறணும் போல. அதுவும் சீருல சேத்தியா?" என்று கேட்டார். பிரகதி பல்லைக் கடித்துக்கொண்டு, "அது பெரிய மெஷினுங்க அத்தை, அப்படித்தான் இருக்கும்" என்றாள். ஒருநாளும் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை.

சூசைராஜுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இரண்டு கல்யாணப் படங்கள் தாமதம். பெண்வீட்டார் வந்து சத்தம் போட்டிருந்தார்கள். அவர் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார். திருமயம் பக்கத்தில் விஸ்வநாதன் என்று ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். சென்னை, பெங்களூரு என்று சிதறிக்கிடக்கும் வியாபாரக் குடும்பம், மொத்தமாக ஊருக்கு வருகிறது. அந்தத் தம்பதியின் இளவயதுப் படங்கள், பழைய வீடியோக் கேசட்டுகள், பேரன் பேத்திகள் பேசி அனுப்பியது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரப் படம். விசேஷத்தில் பெரிய திரையில் போடவேண்டும்.

"இது நல்லா வந்துச்சுன்னா அந்தக் குடும்பத்து வேலை பூராம் ஒனக்குத்தாம்மா" என்றார் சூசைராஜ். "இதுவும் நின்னுச்சுன்னா இந்த அண்ணனைக் கோவிச்சுக்கக் கூடாது. வேற ஆளைப் பாத்துக்கிருவேன்."

அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் இவளுக்கு வேறு ஸ்டுடியோ கிடையாது. வேலை போய்விட்டால் அந்தப் பெட்டி மூலையில் விளக்கெரிந்துகொண்டு சும்மா நிற்கும். மாமியார் அதன்மேல் துணி மடித்து வைப்பார்.

படத்தை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். சாயங்காலம் சூசைராஜ் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன அன்று காலையில் ரெண்டரை ஓட விட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் மாமியாருக்குக் கால் வீக்கம். சமைத்தே ஆகவேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தான் இல்லாதபோது சூடு எப்படி ஏறுகிறது என்று தம்பிக்குக் காட்டினால் ஒரு வழி சொல்வான் அல்லவா? வீடியோக்காரிக்கு வேறு எப்படி யோசனை வரும்? பழைய போனை ஸ்டாண்டில் மாட்டி, திரை முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்து ரெக்கார்டிங்கை ஓட விட்டாள். ஃபேனை இன்னும் கிட்டே இழுத்துவைத்தாள். கையிலிருந்த போனில் வழக்கம்போல மெசேஜ் போட்டாள்: 'திருமயம் படம்டா. ஓட விட்டுட்டேன். இன்னைக்கு மட்டும் நின்னுறக் கூடாதுன்னு சாமியைக் கும்பிட்டுக்க. சமைக்கப் போறேன்.' கட்டைவிரல் வந்தது. கூடவே ஒரு கும்பிடும் வந்தது.

முருங்கைக்காயை நறுக்கிப் போட்டிருப்பாள். உள்ளே அலறல் கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அறை வாசலை மிதிக்கும்போது அமைதியாகிவிட்டது. திரை கறுத்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கையில் போன் டிங்கென்றது. வெற்றிதான். 'மறுபடி ஹீட் ஆயிருச்சுக்கா. சே. ரொம்ப தூசி போல. ஊதி விட்டுட்டு, சாப்புட்டு ரெஸ்ட் எடு. மத்தியானமா போட்டுக்கலாம்.'

பாவம், அவனும் பதறுகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தாள். ரெக்கார்டிங்கை நிறுத்தி, அவனுக்கு அனுப்புவதற்கு முன்னால் எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. அவள் படம் நிதானமாக ஓடுகிறது. மெமரி சூடு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அவள் எழுந்து போவது கேட்கிறது, பாத்திரச் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த மௌஸ் அம்புக்குறி நகர்ந்தது. அறையில் ஆள் இல்லை. சூட்டைப் பார்க்க வருகிறான் என்று நினைத்தாள். அம்புக்குறி அந்த எண் பக்கம் போகவே இல்லை. நேராகக் கீழே இறங்கி, அவள் கண்டேயிராத ஏதோ ஒரு மூலைக்குள் போய் ஒரு கோப்பைத் திறந்தது. ஒரு வீடு விரிந்தது. பளிங்குத் தரை, பெரிய சோபா, நீல நிறத்தில் சமையல்கட்டு. யாரோ கட்டப்போகிற வீட்டின் உள் அலங்காரப் படம். நிஜ வீட்டைப் போட்டோ எடுத்த மாதிரி இருந்தது. வெற்றி சென்னையில் செய்கிற வேலை அதுதான். அம்புக்குறி ஒரு பட்டனை அழுத்தி அந்த வீட்டுக்கும் ரெண்டரை ஓட விட்டுவிட்டு, அந்தச் சன்னலை மடித்துக் கீழே ஒளித்துவைத்துவிட்டுப் போய்விட்டது.

அதற்கப்புறம் திரையில் அவள் படம் மட்டும்தான் தெரிகிறது. ஆனால் எண் ஏறுகிறது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்பது. காற்றாடிகள் கூவ ஆரம்பிக்கின்றன. அறுபத்துநாலு. டேபிள் ஃபேன் அது பாட்டுக்கு வீசிக்கொண்டிருக்கிறது. அறுபத்தேழில் திரை செத்தது.

திரும்ப ஒருதடவை பார்த்தாள். நம்பமுடியாமல் மூன்றாம் தடவையும் பார்த்தாள். இந்த மெசேஜெல்லாம் எதற்குப் போடச் சொன்னான் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் எழுந்து போய்விட்டாள் என்று அவனுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். அணைக்காதே என்றது எதற்கு என்றும் விளங்கியது. உப்பும் இல்லை, ஈரமும் இல்லை. இத்தனை மாதமாகத் திருடனிடமே சொல்லிவிட்டு வீட்டைத் திறந்துபோட்டுப் போயிருக்கிறாள்.

போன் போட்டாள். "திருமயம் படம்னு சொல்லித்தானேடா போட்டேன்" என்றாள். "ஒன் வேலைப் படத்தையும் அதுல ஏத்துனியே."

 

"அவசரம்க்கா. கிளையண்ட் கழுத்துல உக்காந்திருந்தான்" என்றான். "ரெண்டும் தாங்கிரும்னு நெனச்சேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"நீ இல்லாத நேரத்துல சும்மாதானக்கா கெடக்கு."

"ஒன் வேலைக்கு ஒன் ரூம்ல ஒரு மெஷின் வச்சுக்கிற வேண்டியதுதானே?"

"ரூம்ல நாலு பேரு. அங்கிட்டு எங்க வைக்கிறது? ராப்பகலா ஓடுனா ஹவுஸ் ஓனர் கத்துறாரு. ஒங்க வீட்டுல எடம் கெடக்கு, நெட்டு இருக்கு, பாத்துக்க நீ இருக்க." பேசப் பேச அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "நல்லா யோசிச்சுப் பாருக்கா. காதுகுத்து வீடியோ வெட்டுறதுக்கு ஒனக்கு எதுக்கு நாலு ஸ்டிக்கு மெமரி? எனக்காகத்தானே போட்டேன்."

பிரகதிக்கு அதுதான் அடியாக விழுந்தது. வேலை கெட்டதுகூட இல்லை. சபையில் அத்தனை பேர் முன்னால் நாலு ஸ்டிக்கு என்று அவன் சொன்னபோது நனைந்த கண்ணை இப்போது நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"அப்ப அது சீரு இல்லையாடா?" என்று கேட்டாள்.

"சீருதான்க்கா. ரெண்டும்தான்" என்றான்.

போனை வைத்துவிட்டு எழுந்தாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு நெட் ஒயரைப் பிடுங்கினாள். ரெண்டரை முதலிலிருந்து ஓட விட்டாள். என்ன தோன்றியதோ, டேபிள் ஃபேனை நிறுத்தி அதைத் தூக்கிக்கொண்டுபோய் யாழினி படுக்கிற இடத்தில் வைத்தாள், ஜன்னல் சாக்கையும் அவிழ்த்துப் போட்டாள். வேண்டுமென்றே அடுப்படிக்குப் போய் முழுச் சமையலையும் முடித்தாள். அப்பளம்கூடப் பொரித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது எண் ஐம்பத்தொன்றில் நின்றது. ஈரச் சாக்கும் இல்லை, ஐஸும் இல்லை. அவள் வேலையின் சூடு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவனுடையது. அவன் சூட்டைத்தான் பிள்ளைக்கு இல்லாத ஃபேனை வைத்து இவள் விசிறிக்கொண்டிருந்தாள்.

படம் முழுதாக வந்துவிட்டது. சூசைராஜ் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா வேணும்" என்று சொல்லி வாங்கிப்போனார். சந்தோஷப்படவேண்டிய நேரம். அவள் மனசில் ஒன்றும் ஏறவில்லை.

அவர் போன கையோடு வல்லத்திராக்கோட்டையிலிருந்து அம்மா கூப்பிட்டார். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"நெட்டு ஒயரைப் பிடுங்கிட்டியாமே, அவன் வேலை பாதியில நிக்கிதாம். ஏன்டி, கூடப்பொறந்தவன்கூட சண்டை போடுற விசயமா இது?"

"அம்மா, அவன் என்ன பண்ணுனான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாங்குனான். காதுகுத்துக்கும் ஏதாச்சும் செய்யணும், அவனுக்கும் மிஷினு வேணும். ஒரே பொருளு ரெண்டு பேருக்கும் ஆவட்டுமேன்னு நாந்தான் சொன்னேன்." அம்மாவின் குரலில் குற்றம் செய்த சாயல் துளிகூட இல்லை. கெட்டிக்காரத்தனமாகக் குடும்பம் நடத்துகிறவரின் குரல் அது.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லம்மா" என்றாள்.

"சொன்னா அதைச் சீருன்னு ஒத்துக்கிட்டிருப்பியா?"

அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள்.

இவர்களுக்காகத்தான் இத்தனை நாள் இந்த வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். எந்தம்பி, எங்கம்மா, எங்க வீட்டுச் சீரு. இரண்டு பேரும் சேர்ந்து தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், இவள் குனிந்து காட்டியிருக்கிறாள். பெரியண்ணனிடம் சொல்லலாம், சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கமுடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு மாமியாருக்கு ராத்திரிச் சோறு போட்டாள்.

முத்துமாரியம்மாள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தட்டை வாங்கினார். "காலையில அலறுச்சே, அப்புறம் சத்தத்தையே காணோம். பொட்டி சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சுங்க அத்தை. படத்தைக் குடுத்து விட்டுட்டேன்."

"ஃபேனும் ஓடல, சாக்கும் இல்ல. யாரு சரி பண்ணுனது?"

பிரகதி குழம்பை ஊற்றினாள். முருங்கைக்காயாகப் பார்த்து நாலு துண்டு எடுத்து வைத்தாள்.

"எந்தம்பிதான்" என்றாள். "சென்னையிலேருந்தே பாத்துச் சரி பண்ணிட்டான்."

அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டைப் பற்றி மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இன்றைக்கு வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரவாயில்லையே" என்றார் முத்துமாரியம்மாள். "நாங்கூட என்னமோ நெனச்சேன். கூடப்பொறந்தவன்னா இப்படித்தான் இருக்கணும்."

"ஆமாங்க அத்தை" என்றாள் பிரகதி.